பாம்பனில் ஜெர்மன்: ஒரு டீச்சரின் தடைக்காலக் குறிப்புகள்

ஏப்ரல் 22, 2025

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஒரு வாரம். தெற்குவாடியில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன, ஜூன் 14 வரை இப்படித்தான். பிள்ளைகளின் அப்பாமார் பகலிலும் வீட்டில் இருப்பதால் வகுப்புக்கு அவர்களே கொண்டுவந்து விடுகிறார்கள். அதில் ஒருவர் இன்று வாசலிலேயே நின்று கேட்டார்: “புள்ள அந்த ஊர்க்காரவுக மாதிரியே எப்ப டீச்சர் பேசும்?”

மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்தவள். ஜெர்மனியில் செவிலியராகப் பதிவு செய்ய அங்குள்ள பெரும்பாலான மாநிலங்கள் ஜெர்மன் மொழியில் பி2 நிலை கேட்கின்றன, அதற்காகத்தான் வருகிறாள். “அண்ணே, பி2 வேற, நீங்க கேக்குறது வேற” என்றேன். மொழித்திறனுக்கு ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள்; ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் வெளியிட்ட சட்டகம் அது. உச்சியில் இருக்கும் சி2-வுக்கே ‘தாய்மொழிக்காரர் மாதிரி’ என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அந்த ஆவணமே சொல்கிறது. 2020-ல் அதற்கு வந்த துணைத்தொகுதியில் ‘தாய்மொழிக்காரர்’ என்ற அளவுகோலையே விவரிப்புகளிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அவர் கேள்வி நியாயமானது, அதை நான் தட்டிவிட மாட்டேன். ராத்திரி இரண்டு மணிக்குப் பல்செட்டைக் கழற்றி வைத்திருக்கும் ஒரு பாட்டி முனகுவது இவளுக்குப் புரிய வேண்டும், அதற்கு எந்தச் சான்றிதழும் உத்தரவாதம் கிடையாது.

ஏப்ரல் 29

இன்று முழுக்க காது வேலை. நம் பிள்ளைகளுக்குச் சில விஷயங்கள் பிறப்பிலேயே வந்துவிடுகின்றன, அதை அவர்களிடம் சொல்லாமல் விட்டால் பாவம். ஜெர்மனில் குறில் நெடில் மாறினால் அர்த்தம் மாறும்: ‘ஷ்டாட்’ என்றால் அரசு, ‘ஷ்டட்’ என்றால் நகரம். தமிழ்க் காதுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. துணை வாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போவதும் அப்படித்தான், நாம் எப்போதும் அப்படித்தானே பேசுகிறோம்.

சிரமம் வேறு இடத்தில். மூட்டை கட்டுவதற்கும் ரொட்டி சுடுவதற்கும் உள்ள வினைச்சொற்களை நம் எழுத்தில் எழுதிப் பார்த்தால் இரண்டுமே ‘பக்கன்’. முதல் எழுத்தில் ஒன்றுக்கு வல்லோசை, மற்றதற்கு ‘பந்து’ என்கிறோமே, அந்த மெல்லிய ஓசை. அதனால் புதிய சொல் எதையும் தமிழில் எழுதி மனப்பாடம் செய்ய நான் விடுவதில்லை. முதலில் கேள், திரும்பச் சொல், அப்புறம் அவர்கள் எழுத்தில் எழுது. இரண்டு நிமிடப் பதிவு ஒன்றை வாக்கியம் வாக்கியமாக நிறுத்தி எழுத வைத்தேன். ஒரு வாக்கியத்தை நாலைந்து முறை ஓட்டியும் ஒரு சின்ன இடைச்சொல் யார் காதிலும் விழவில்லை. மெதுவாக ஓட்டியதும் எல்லார் முகத்திலும் வெளிச்சம். பாடப்புத்தகத்தை விட இந்த டிக்டேஷனைத்தான் நான் நம்புகிறேன்.

மே 11

சவூதியில், தம்மாமில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு வந்த சித்தப்பா இன்று சாப்பிட வந்தார். போனில் பழைய கூட்டாளியோடு அரபியில் பொளந்து கட்டினார், கேட்கவே ஆசையாக இருந்தது. ஆனால் ஆணுக்கும் பெண்ணுக்கும், நேற்றைக்கும் நாளைக்கும் அவரிடம் ஒரே வினைவடிவம்தான். வளைகுடாவில் பல நாட்டுத் தொழிலாளர்கள் தங்களுக்குள் புழங்கும் அரபி அப்படிப்பட்டது. வேலை நடக்கும், யாரும் திருத்த மாட்டார்கள். “புரியுதுல்ல, அப்பறம் என்னத்தா?” என்றார். அவர் வேலைக்கு அது போதும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் என் பிள்ளைகளுக்கு அது போதாது. ‘புரிந்துவிட்டது’ என்ற இடத்தில் மொழி இறுகி நின்றுவிடுகிறது. மொழியியலாளர் லாரி செலிங்கர் 1972-லேயே இந்த இறுகலுக்குப் பெயர் வைத்து எழுதினார். கனடாவில் பள்ளிப் பாடங்களைப் பிரெஞ்சில் படித்த, வீட்டில் ஆங்கிலம் பேசும் குழந்தைகளை ஆராய்ந்த மெரில் ஸ்வெய்ன் 1985-ல் சொன்னது இன்னும் முக்கியம்: வருஷக்கணக்கில் கேட்டுப் புரிந்துகொள்வதில் தேறிய பிள்ளைகளும் பேச்சிலும் எழுத்திலும் இலக்கணத்தில் பின்தங்கியே இருந்தார்கள். கேட்டால் மட்டும் பத்தாது, சரியாகச் சொல்லும் வரை ஒருவர் விடாமல் திரும்பச் சொல்ல வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். டீச்சர் என்று ஒருத்தி எதற்கு இருக்கிறாள் என்றால் இதற்குத்தான்.

மே 25

சொற்களின் சேர்க்கை. நாம் முடிவை ‘எடுக்கிறோம்’, ஜெர்மன்காரர் முடிவைச் ‘சந்திக்கிறார்’. கேள்வியை ‘வைக்கிறார்’. இதையெல்லாம் தனிச்சொல்லாகப் படித்தால் இலக்கணம் சரியாக இருந்தும் வாக்கியம் வெளியூராகவே நிற்கும். நேற்று வந்த வெளியூர்க்காரர் ‘வலையைப் போட்டார்கள்’ என்பதும் நம் ஆள் ‘வல விட்டாக’ என்பதும் போல. அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டு, அதில் தனிச்சொல் எழுதக் கூடாது, ஜோடியாகத்தான் எழுத வேண்டும்: காயத்துக்குக் கட்டு மாற்றுவது, ரத்தம் எடுப்பது, பிரஷர் பார்ப்பது, ஒவ்வொன்றும் அதன் வினையோடு. ஷிஃப்ட் மாறும்போது அடுத்த நர்ஸிடம் சொல்லும் தகவலை இந்த ஜோடிகளை வைத்தே பேசச் சொன்னேன். அன்று வாசலில் நின்று கேட்ட அண்ணனின் மகள் தடுமாறாமல் ஒரு நோயாளியின் முழு ராத்திரியையும் சொல்லி முடித்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஜூன் 8

ராமநாதபுரம் போகும் பஸ் வேதாளையைத் தாண்டும்போதெல்லாம் அண்டிரிக் அடிகளார் நினைவுக்கு வருவார். போர்ச்சுகலிலிருந்து வந்த இயேசு சபைக்காரர். இந்த வேதாளையில் 1549-ல் கிரிமினாலி என்ற பாதிரியார் கொல்லப்பட்டபின் இந்தக் கடற்கரையின் சபைப் பொறுப்பு அண்டிரிக்கிடம் வந்தது. அவர் தமிழ் கற்று, போர்ச்சுகீசியருக்காகத் தமிழ் இலக்கணம் எழுதி, 1578-ல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற தமிழ் நூல் அச்சாகக் காரணமானவர். தங்களுக்குள் பேசுவதும் எழுதுவதும் தமிழில்தான், தவறினால் தண்டனை என்று பாதிரிமார்கள் ஒரு விதி வைத்துக்கொண்டதை அவர் கடிதத்தில் எழுதியிருக்கிறார். படிக்கப் படிக்க எனக்குப் பொறாமை. தண்டனை வேண்டாம், விதி மட்டும் எடுத்துக்கொண்டோம்: வகுப்பு நேரத்தில் தண்ணீர் கேட்பதும் ஜெர்மனில், சண்டை போடுவதும் ஜெர்மனில்.

ஜூன் 16

படகுகள் கடலுக்குப் போய்விட்டன. இரண்டு பேர் பி2 எழுத சென்னை போகிறார்கள். நாலு பகுதி, ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 வாங்கினால் போதும், தவறிய பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம். அதில் எனக்குப் பயம் இல்லை.

அதற்கு அடுத்ததுதான் என் கவலை. வேலை ஸ்டுட்கார்ட் பக்கம் என்றால் அங்கே உழைப்பதற்கே பாடப்புத்தகச் சொல் வராது, ‘ஷாஃப’ என்பார்கள். தென்மேற்கிலும் கிழக்கிலும் பலர் ‘கால் மூன்று’ என்று சொன்னால் அது இரண்டே கால், ‘முக்கால் மூன்று’ என்றால் இரண்டே முக்கால். மருந்து நேரத்தில் இதை மாற்றிக் கேட்டால் என்ன ஆகும்! ஆகவே பரீட்சை முடிந்து வந்ததும் அந்தந்த ஊர் வானொலிப் பதிவுகள், வாரம் ஒரு ஊர். முதலில் ஸ்டுட்கார்ட் இருக்கும் ஸ்வேபியா, அப்புறம் பவேரியா, அப்புறம் சாக்ஸனி. டிக்டேஷன் நோட்டு புதிதாக வாங்கச் சொல்லிவிட்டேன்.