வேதியியல் படித்த வக்கீல்

டெல்லியில் அக்கா மகள் வீட்டில் இருக்கிறேன். காப்புரிமை (பேடன்ட்) வழக்குகள் நடத்துகிறாள். நேற்று ராத்திரி ஒரு மணி வரை ஒரு காப்புரிமை விண்ணப்பத்தின் ஒரே பக்கத்தோடு உட்கார்ந்திருந்தாள், ‘கம்ப்ரைசிங்’ (உள்ளடக்கிய) என்ற ஒரு சொல்லைச் சுற்றி மூன்று நிறத்தில் கோடு. அந்தச் சொல் இருந்தால் விண்ணப்பத்தின் பட்டியலில் இல்லாத பொருளும் சேரலாமாம், ‘கன்சிஸ்டிங் ஆஃப்’ (இவை மட்டுமே கொண்ட) என்றால் சேராதாம்.

எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு அவள் சட்டம் படிக்கப் போனபோது எதற்கு இன்னொரு டிகிரி என்று நானே கேட்டிருக்கிறேன். கிளீவெக் ரத்தப் புற்றுநோய் மருந்துக்கு 2006-இல் சென்னை காப்புரிமை அலுவலகம் காப்புரிமை மறுத்தது, 2013-இல் உச்ச நீதிமன்றமும் மறுத்தது, அந்த வழக்கே அந்த மருந்தின் ஒரு படிக வடிவத்தைப் பற்றியதுதான். அதைப் புரிந்து வாதாட ரெண்டு படிப்பும் வேண்டும் கண்ணு, உன்னை நினைத்தால் அவ்வளவு பெருமை.