பத்தடிப் பட்டை

விமானத்திலிருந்து குதிப்பவர் முதுகில் இரண்டு பாராசூட் இருக்கும். முதலாவது சொதப்பினால் அதைக் கழற்றிவிட்டு ரிசர்வை இழுக்கலாம். விமானமில்லாமல் மலை முகட்டிலிருந்து குதிப்பதற்குப் பேஸ் என்று பெயர். அதற்கு மாட்டும் ரிக்கில், அதாவது பாராசூட் பையும் பட்டைகளும் சேர்ந்த தொகுப்பில், ஒன்றே ஒன்றுதான். ரிசர்வ் விரிய அங்கே உயரமும் கிடையாது, நேரமும் கிடையாது.

கை கால்களுக்கிடையே துணிச் சிறகு தைத்த உடைதான் விங்சூட். விங்சூட் பேஸில் பெரும்பாலான சாவுகள் பாறையிலோ மரத்திலோ மோதி நடப்பவை. எவ்வளவு ஒட்டிப் பறப்பது என்பது அவரவர் தலைவிதி. ரிக் கோளாறு அப்படியில்லை, மடிக்கும் மேசையிலேயே பிடித்துவிடலாம். புதிதாக வருகிறவர்கள் சூட்டையும் கனோபி என்கிற பெரிய பாராசூட் துணியையும் பற்றி மணிக்கணக்கில் விசாரிப்பார்கள், அதை வெளியே இழுக்கும் பிரைடில் பட்டையைப் பற்றி ஒரு கேள்வி வராது.

கனோபியை விரிக்க முதலில் ஒரு குட்டிப் பாராசூட்டைக் கையால் வீசுவார்கள், அது காற்றைப் பிடிக்கும். அதோடு கட்டிய பிரைடில் பட்டை இறுகி, தன்மேல் இருக்கும், பையை மூடிவைக்கும் இரண்டு வளைந்த ஊசிகளை உருவி, கனோபியை வெளியே இழுக்கும். சாதாரண பேஸ் குதிப்பில் இந்தப் பட்டை 9 அடி. விங்சூட்டுக்கு 10 முதல் 12 அடி வரை வைப்பார்கள். சிறகு விரித்த உடம்பு அகலம், அதன் முதுகுப் பக்கம் காற்று குழம்பிச் சுழலும். பட்டை குட்டையானால் குட்டிப் பாராசூட் அந்தச் சுழலிலேயே மாட்டித் தள்ளாடும். ஒரு விநாடி தள்ளாடினால் சுமார் 20 மீட்டர் உயரம் காலி. வீசும்போதே கை, கால் சிறகுகளை மடக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

குட்டிப் பாராசூட் பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். வேகம் கூடிய நேரத்தில் மிகப் பெரியது வெடுக்கென்று இழுத்து, கயிறுகள் இறுகுமுன் கனோபியின் நடுப்பகுதியை மட்டும் பிய்த்துக்கொண்டு போகும். விரிப்பு கோணும், துணியும் கிழியலாம்.

இதைவிட மோசமானது பட்டை போகும் பாதை. பையின் அடியிலிருந்து ஊசி வரைக்கும் அது தடையில்லாமல் போக வேண்டும். கால் பட்டைக்கு அடியிலோ சூட் துணிக்கு உள்ளோ ஒரு முறை நுழைந்துவிட்டால் போதும்: குட்டிப் பாராசூட் முழுதாக விரிந்து இழுக்கும், ஊசி அசையாது. கண்ணால் பார்த்தால் போதாது, விரலை முழு நீளத்துக்கும் ஓட்ட வேண்டும். கால் பட்டைகளையும் ஜிப் போடுவதற்கு முன்பே இறுக்கிப் பார்க்க வேண்டும். சூட் மூடியபின் அவை தெரியாது. மாட்டாமலே குதித்தவர்கள் உண்டு.

நவீன விங்சூட்டின் முன்னோடி பேட்ரிக் டி காயார்டோன் 1998 ஏப்ரலில் ஹவாயில் விமானத்திலிருந்து குதித்தபோது இறந்தார். பாராசூட் பையில் அவரே செய்திருந்த ஒரு மாற்றம்தான் காரணம். ரிசர்வ் இருந்தும் பிழைக்கவில்லை. ஆகவே ரிக்கில் புதிதாக ஒரு தையல் போட்டாலும், முதலில் தரையில் ஆளை மாட்டித் தொங்கவிட்டு இழுத்துப் பார்க்க வேண்டும்.

விரிந்த பிறகும் கை சிறகுக்குள்தான் இருக்கும். திசை கோணினால் ஜிப்பைத் தேடாமல் பின்பக்க ரைசரை, அதாவது தோளிலிருந்து கனோபிக் கயிறுகளுக்குப் போகும் பட்டையை, பிடித்துத் திருப்ப வேண்டும். டாகிள் என்கிற திருப்பும் கைப்பிடி அப்புறம்.

பழைய குட்டிப் பாராசூட்டைச் சோதிக்க, துணியை வாயில் வைத்து ஊதினால் போதும். மூச்சு தாராளமாகப் போனால் மாற்றிவிடுங்கள்.