தாளுக்கு வெளிச்சம், கண்ணுக்கு இருட்டு

மார்ச் 3
ராத்திரியில் மரம் வரைய, மரத்துக்கு எதிரே முக்கால் மணி நேரம். நெற்றியில் டார்ச். தாள் பளிச்சென்று தெரிந்தது. நிமிர்ந்தால் எதிரே கறுப்புச் சுவர். கண் இருட்டுக்கு முழுசாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும். வெள்ளைத் தாளின் பளபளப்பை ஒரு தடவை பார்த்தாலே அந்தப் பழக்கம் கலைந்துவிடும். நானோ நிமிடத்துக்கு நாலு தடவை பார்த்துக்கொண்டிருந்தேன். கொசு வேறு.

மார்ச் 6
டார்ச் கண்ணாடியில் சிவப்பு ஜெலட்டின் தாளை மடித்துக் கட்டினேன். மங்கலில் பார்க்க உதவும் குச்சி செல்களை அடர்சிவப்பு வெளிச்சம் அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. கிளைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எனக்கோ ஏக குஷி, காலை வரைக்கும்.

காலையில் பார்த்தால் மரம் முழுக்க ரத்தக்களரி! படத்தின் முதல் கோடுகளைச் சிவப்புப் பென்சிலில் போட்டிருக்கிறேன். சிவப்பு வெளிச்சத்தில் சிவப்புக் கோடு தாளோடு கரைந்துவிடும் என்பது மண்டையில் உறைக்கவே இல்லை. கோடு விழவில்லை என்று நினைத்து அழுத்தி அழுத்தி இழுத்ததில், பின்பக்கம் தடவினால் விரலுக்குத் தட்டுப்படுகிறது.

ஓவியர் வான் கோவும் 1888-ல் தங்கைக்கு எழுதிய கடிதத்தில், இருட்டில் நீலத்தைப் பச்சை என்று எடுத்துவிடலாம் என்று ஒப்புக்கொள்கிறார். சரி, எனக்குத் துணைக்கு ஆள் இருக்கிறது.

மார்ச் 7
மழை. பென்சில் சீவினேன்.

மார்ச் 11
வண்ணங்களை வீட்டிலேயே விட்டுவிட்டேன். சாம்பல் நிறத் தாள், ஒரு கறுப்புப் பென்சில், ஒரு வெள்ளை ஜெல் பேனா, அவ்வளவுதான். சாம்பல் தாள் கண்ணில் அடிக்கவில்லை. டார்ச்சும் வேண்டியிருக்கவில்லை, பக்கவாட்டில் விழுந்த தெருவிளக்கு வெளிச்சமே போதும்.

எதிரே ஒரு பெஞ்சு. அதன் கால்களை நேராகப் பார்த்தால் காணோம், பக்கத்துத் தூணைப் பார்த்தால் ஓரக்கண்ணில் தெரிகின்றன. பார்வையின் நட்டநடுப் புள்ளியில் குச்சி செல்களே கிடையாது என்பதுதான் காரணம். ஆனாலும் கண்ணாமூச்சி ஆடுகிற பெஞ்சை வரைவது எரிச்சலான வேலை. கடைசியில் கால்களை விட்டுவிட்டேன். இருக்கைப் பலகையின் விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு, கீழே ஒரே கறுப்பு. கால் வரைந்திருந்தால்கூட அவ்வளவு கனமாக உட்கார்ந்திருக்காது.

போகிற வழியில் ஒரு பெரியவர் நின்றார். "என்ன தம்பி, எதையாவது தொலைச்சிட்டீங்களா?"
"இல்லைங்க, வரையிறேன்."
நோட்டை வாங்கி, விளக்குப் பக்கம் சாய்த்துப் பார்த்தார்.
"பெஞ்சா? நல்லாயிருக்கு. பகல்ல வந்தா காலும் தெரியுமே."