இருட்டு ஊர்ல குட்டி ஸ்போர்ட்ஸ் காருக்கு எக்ஸ்ட்ரா லைட்

நார்வேக்கு வந்து, அதுவும் வட கோடியில இருக்கற ட்ரோம்சோ பக்கம் குடியேறினா, குளிர விட இருட்டுக்குத்தான் முதல்ல பழகணும். நவம்பர் கடைசியில போற சூரியன் ஜனவரி பாதியிலதான் திரும்ப எட்டிப் பாக்கும், நடுவுல மத்தியானம் கொஞ்ச நேரம் நீலமா ஒரு மங்கல் வெளிச்சம், அவ்ளோதான். வேலைக்குப் போறதும் இருட்டு, திரும்புறதும் இருட்டு. இங்க ஏன் இத்தன வண்டி முன்னாடி ரெண்டு பெரிய வட்ட லைட்டோ நீளமா ஒரு எல்இடி பாரோ இருக்குன்னு, ஊருக்கு வெளிய ஒரு தடவ ஓட்டினா போதும், புரிஞ்சிடும்.

என் வண்டி மஸ்டா எம்எக்ஸ்-5, 1989ல வந்த முதல் மாடல் வரிசை, ஹெட்லைட் மேல எழும்பி வருமே, அது. ரொம்ப தாழ்வான வண்டி, மேல துணிக்கூரை. இங்க ரோட்டுல குறுக்க வர்ற எல்க் மான் நெடுநெடுன்னு நிக்கும், இடிச்சா வண்டி அதோட காலத்தான் தட்டும், மொத்த உடம்பும் கண்ணாடி மேல வந்து விழும். அதனால பிரேக்க நம்பறத விட தூரத்துலயே பாத்துடறதுதான் பாதுகாப்பு. கணக்கு சிம்பிள், மணிக்கு 80 கிலோமீட்டர்ல போனா ஒரு செகண்டுக்கு 22 மீட்டர், லோ பீம்ல நல்லா தெரியறது சுமார் 60 மீட்டர், அப்போ மூணு செகண்டு கூட இல்ல, அதுவும் ஐஸ் மேல.

இதுல ஃபாக் லைட்டையும் டிரைவிங் லைட்டையும் நிறைய பேர் ஒண்ணா நினைக்கிறாங்க. ஃபாக் லைட் கிட்டக்க அகலமா அடிக்கும், நமக்கு வேணுங்கறது ஹை பீமோட சேர்ந்து தூரத்துக்கு அடிக்கற டிரைவிங் லைட். லைட் கண்ணாடியில வட்டத்துக்குள்ள E எழுத்து முத்திரை இருக்கான்னு பாத்து வாங்குங்க, அதோட பக்கத்துல 17.5, 37.5னு ஒரு நம்பர் இருக்கும், அது பீமோட பலம். ஐரோப்பிய விதியில ஒரே நேரத்துல எரியற ஹை பீம் எல்லாத்தோட நம்பரையும் கூட்டினா, வண்டியோட சொந்த லைட்டையும் சேத்து, 100 தாண்டக்கூடாது.

நான் ஹாலஜன்தான் போட்டேன், ரெண்டு 55 வாட். எல்இடி கரண்ட் கம்மியா எடுக்கும், உண்மைதான், ஆனா லைட்டோட முன்பக்கக் கண்ணாடி சூடாகாது, பனி வந்து அப்பிக்கிட்டா அப்படியே ஒட்டிக்கும், ஹாலஜன் சூட்டுல அது உருகி வழிஞ்சுடும். மாட்டறதுக்கு பம்பர் பிளாஸ்டிக்க தொடவே கூடாது, ஆடும், வெளிச்சமும் சேர்ந்து ஆடும். கீழ இருக்கற உலோகத்துல போல்ட் போட்டு ஒல்லியா ஒரு பார். இந்த வண்டிக்கு ரேடியேட்டருக்கு காத்து போற வாயே சின்னது, பெரிய லைட்ட வச்சு அத அடைச்சா வெயில் காலத்துல இன்ஜின் சூடாகும்.

வயரிங்ல ஒரு விஷயம், இந்த கார்ல பேட்டரி பின்னாடி டிக்கியில இருக்கு, அதனால முன்னாடி மெயின் ஃபியூஸ் பாக்ஸ்லேந்து கரண்ட் எடுத்து, ஆரம்பத்துலயே 15 ஆம்ப் ஃபியூஸ் போட்டு (ரெண்டு லைட்டும் சேந்து 9 ஆம்ப் கிட்ட இழுக்கும்), ரிலேயோட (சின்ன கரண்ட் சிக்னல்ல பெரிய கரண்ட ஆன் பண்ற சுவிட்ச், முனைகள்ல நம்பர் போட்டிருக்கும்) 30ம் முனையில குடுத்து, 87லேந்து லைட்டுக்கு, 85 எர்த்துக்கு, 86க்கு ஹை பீம் வயர்லேந்து சிக்னல். ஹை பீம் போட்டா மட்டும்தான் எரியணும், லோ பீமுக்கு மாறின உடனே தானா அணையணும், சட்டமே அதுதான். நடுவுல தனியா ஒரு சுவிட்ச் வச்சுக்கிட்டா நல்லது. அப்புறம் சமதளத்துல 10 மீட்டர் தள்ளி ஒரு சுவர பாத்து நிறுத்தி, பீமோட நடுப்புள்ளி லைட்டோட உயரத்துக்கே, இல்ல ஒரு துளி கீழ வர்ற மாதிரி திருப்பி இறுக்கணும்.

இங்க ரோட்டோரம் பனிக்காலத்துல கம்பு கம்பா நட்டு வைப்பாங்க, பனி தள்ற வண்டிக்கு ரோடு எங்க முடியுதுன்னு தெரியறதுக்கு, ஒவ்வொண்ணுலயும் ரிஃப்ளெக்டர் பட்டை. லோ பீம்ல நாலஞ்சுதான் தெரியும். இந்த லைட்ட போட்டதும் வளைவு முழுக்க ஒண்ணொண்ணா பளிச் பளிச்னு எரிஞ்சு, ரோடு இடப்பக்கம் திரும்பி மேல ஏறுதுன்னு அங்க போறதுக்கு முன்னாடியே காட்டிடும். எனக்கு இந்த ஊர்ல ஓட்டற பயம் போனதே அதனாலதான்.

ஆனா அணைக்கறத போடறத விட சீக்கிரம் பழகிக்கணும். மேட்டுக்கு அந்தப் பக்கம் வானத்துல வெளிச்சம் தெரிஞ்சாலே, வண்டி தெரியறதுக்கு முன்னாடியே லோ பீமுக்கு இறக்கிடணும். இங்க லாரிக்காரங்க அப்படித்தான் இறக்குறாங்க, நாம தாமதிச்சா எதிர்ல வர்றவருக்கு கொஞ்ச நேரம் கண்ணே தெரியாது. பனி கொட்டும்போதும் போடாதீங்க, ஒவ்வொரு துளியும் வெளிச்சத்த திருப்பி அடிச்சு எதிர்ல வெள்ளைச் சுவராயிடும், லோ பீம்தான் சரி.

மே 20 வாக்குல சூரியன் மறையாத நாள் ஆரம்பிச்சதும் நான் லைட்டையும் பாரையும் கழட்டி, கனெக்டர்ல ரோட்டு உப்ப துடைச்சு கிரீஸ் தடவி மூடி வச்சுடுவேன், ரேடியேட்டருக்கும் காத்து தாராளமா போகும். செப்டம்பர்ல மறுபடி மாட்டறப்போ அந்த 10 மீட்டர் சுவர் வேலைய விடாம பண்ணுங்க, போல்ட் ஒரு நூல் மாறினாலே தூரத்துல பீம் மரத்து உச்சிக்குப் போயிடும்.