ஓட்டிஸ் கரையைக் கடந்த இரவும் அதன் பின்னான மூன்று நாட்களும்

2023 அக்டோபர் 24 அன்று, சுரங்கத்துறை மாநாட்டுக்காக மெக்சிகோவின் அகபுல்கோவில் ஒரு விடுதியின் ஆறாவது மாடியில் தங்கியிருந்தேன். காலையில் கண்விழித்தபோது ஓட்டிஸ் வெறும் வெப்பமண்டலப் புயல்தான்; மழையைப் பற்றி மட்டுமே பேச்சு இருந்தது. ஆய்வு விமானம் புயலுக்குள் சென்று அளந்த பிறகுதான் அதன் வலிமை வெளிப்பட்டது. உருவில் சிறிய புயல், சூடேறிய கடலுக்கு மேல் வந்ததால் மணிக்கு மணி வலுத்து, இரவு பத்து மணிக்கெல்லாம் மிக உச்ச நிலையான ஐந்தாம் வகைச் சூறாவளியாகிவிட்டது. இனி ஊரைவிட்டுக் கிளம்ப வழியில்லை.

என்னைக் காப்பாற்றியது எங்கள் தளத்துப் பணிப்பெண்ணின் யோசனை. 1997இல் பவுலினா சூறாவளியின் வெள்ளத்தைச் சிறுமியாகப் பார்த்தவர் அவர். ஜன்னல் இல்லாத குளியலறைக்குள் போய்விடுங்கள், மெத்தையைக் கதவுக்கு முட்டுக் கொடுங்கள், காலில் ஷூவைக் கழற்றவே கழற்றாதீர்கள் என்று ஒவ்வோர் அறையாகத் தட்டிச் சொன்னார்.

நள்ளிரவு தாண்டி ஏறத்தாழ 12:25க்கு, மணிக்குச் சுமார் 260 கி.மீ. வேகக் காற்றுடன் ஓட்டிஸ் கரையேறியது. அதற்கு முன்பே காது அடைத்துக்கொண்டது. பிறகு பால்கனிக் கண்ணாடி உடைந்தது. மெத்தை என் தோளோடு சேர்ந்து உள்ளே தள்ளப்பட்டது. முதுகை மெத்தையிலும் கால்களை எதிர்ச்சுவரிலும் ஊன்றியபடி இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக உட்கார்ந்திருந்தேன். விடிந்தபின் கதவைத் திறந்தால், பக்கத்து அறையையும் என் அறையையும் பிரித்த ஜிப்சம் பலகைச் சுவரே இல்லை. தரை முழுக்கக் கண்ணாடித் தூள். ஷூ இல்லாமல் ஓர் அடிகூட வைத்திருக்க முடியாது.

மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயின. ஏ.டி.எம். இயங்காததால், பையில் இருந்த சில்லறைப் பெசோக்களால்தான் தண்ணீரும் ரொட்டியும் வாங்க முடிந்தது. மெக்சிகோ நகரத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலை மண்சரிவால் அடைபட்டிருந்தது. ஊருக்குத் திரும்ப வேண்டியவர்களின் பெயர்களை ஒருவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கினார். குழந்தைகளும் முதியவர்களும் முதலில் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம்.

காத்திருந்த அந்த நாட்களில் மனத்தை அறுத்தது விரிகுடாவின் கரைதான். படகுகளைக் காக்க இரவில் அவற்றிலேயே தங்கியிருந்த ஊழியர்களைத் தேடி, அவர்கள் வீட்டுப் பெண்கள் கைபேசிப் படங்களை வருவோர் போவோரிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்கள். புயலில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததாகப் பின்னர் அறிந்தேன்.

மூன்றாம் நாள் எனக்குப் பேருந்தில் இடம் கிடைத்தது. வழியிலுள்ள சில்பன்சிங்கோ நகரை நெருங்குகையில் எல்லோருடைய கைபேசிகளும் ஒரே நேரத்தில் ஒலிக்கத் தொடங்கின. மனைவியின் குரலைக் கேட்டதும், பிழைத்துவிட்டேன் என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.