தண்ணீரை அளந்த பிறகுதான் வழியை வரைந்தோம்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். கேரளம் என்றாலே மழை என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கம் வந்து பார்த்தால் தெரியும், ஆழ்குழாய்க் கிணறும் பரம்பிக்குளம்–ஆழியாறு தண்ணீரும் இல்லையென்றால் இங்கே தென்னை நிற்காது. அந்தத் தண்ணீரை அளக்கிற வேலையில்தான் நான் முப்பத்தோரு வருடம் இருந்தேன். ஓய்வு பெற்றதும் இந்திரா காந்தி வாய்க்காலைப் பார்க்க வேண்டும் என்பது பழைய ஆசை. பஞ்சாபில் சட்லஜும் பியாஸும் சேரும் ஹரிகேயில் தொடங்கி, 650 கி.மீ. போல ஓடி, தார் பாலைவனத்துக்குள் போகிற வாய்க்கால். 1958 மார்ச்சில் அதற்கு அடிக்கல் நாட்டினார்கள். பரம்பிக்குளம்–ஆழியாறு தண்ணீரைக் கேரளமும் தமிழ்நாடும் பகிர்ந்துகொள்ளும் எங்கள் ஒப்பந்தம் கையெழுத்தானது 1970இல் என்றாலும், அது நடைமுறைக்கு வந்ததாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் ஆண்டும் 1958தான். இது எனக்குப் பெரிய விஷயம்.

ரயிலில் போயிருக்கலாம். ஆனால் என் மனைவிக்கு முட்டி வலி, எனக்குச் சர்க்கரை. நினைத்த இடத்தில் படுக்கவும், இன்சுலினைக் குளிர்ச்சியில் வைக்கவும், நம் சாப்பாட்டைச் சமைக்கவும் வசதி வேண்டும். அதனால் மோட்டார் கேரவன் என்று முடிவு செய்தோம். கிளம்புவதற்குப் பதினான்கு மாதம் ஆனது.

பழைய டிராவலர் வண்டி ஒன்றை வாங்கி, பட்டறையில் கட்டிலும் அடுப்பும் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் முதல் யோசனை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அப்படி இஷ்டத்துக்கு மாற்ற விடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றிக் கண்டிப்பாகச் சொன்ன வழக்கே கேரளத்திலிருந்து போனதுதான். அதனால் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் கேரவன் என்றே பதிவான வண்டியைத் தேடி, கர்நாடகத்தில் ஒன்றை வாங்கினோம். அங்கிருந்து தடையின்மைச் சான்று, இங்கே வரி, புது நம்பர் என்று நான்கு மாதம் போனது. வண்டியின் மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருப்பதால் கார் ஓட்டும் லைசென்சே போதும்.

அந்த லைசென்சில்தான் எதை முதலில் செய்வது என்ற வரிசையை நான் தவறவிட்டேன். 55 வயதுக்கு மேல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், டாக்டர் கையெழுத்திட்ட 1ஏ படிவமும் வேண்டும். பார்வையைச் சோதித்தபோது புரை இருந்தது. அறுவை சிகிச்சை, காத்திருப்பு, புதுக் கண்ணாடி, அப்புறம்தான் படிவம். இந்த வயதில் இப்படி ஒரு பயணத்தை யோசிப்பவர்கள் வண்டி பார்ப்பதற்கு முன்னால் கண்ணைப் பார்த்துவிடுங்கள்.

இனி தண்ணீர். வண்டித் தொட்டி 120 லிட்டர். வரைபடத்தை விரித்து ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அது தவறான இடத்தில் தொடங்கிய கணக்கு. என் மனைவிதான், "ஏனுங்க, நமக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி வேணும்னே தெரியாம எங்கே போய் நிக்கிறது?" என்று கேட்டாள்.

சரி என்று தென்னந்தோப்பில் வண்டியை நிறுத்தி, ஐந்து நாள் அதிலேயே இருந்தோம். வீட்டுக் குழாயைத் தொடக்கூடாது என்பது ஒப்பந்தம். முதல் நாள் 52 லிட்டர் போனது. குளியலில்தான் அதிகம் போகிறது என்று நினைத்தேன். அளந்து பார்த்தால் பாத்திரம் கழுவுவதில்! அவள் தட்டையும் சட்டியையும் முதலில் பழைய தாளால் துடைத்து, பிறகு பூவாளி மாதிரி தெளிக்கிற புட்டியால் கழுவினாள். ஐந்தாம் நாள் 35 லிட்டர். தொட்டியில் 15 லிட்டரைத் தொடாமல் வைத்தால் மிச்சம் சரியாக மூன்று நாளைக்கு வரும். அதனால் இரண்டு நாளைக்கு ஒருமுறை நிரப்ப வேண்டும், மூன்றாம் நாள் கையிருப்பு என்று வைத்துக்கொண்டோம். குஜராத்தின் கட்ச்சில் பூஜ், காவ்டா, தோலாவீரா, ராஜஸ்தானில் பார்மேர், ஜெய்சல்மேர், ராம்கட் என்று நிரப்பும் இடங்களை முதலில் குறித்து, அவற்றை இணைத்தே வழியை வரைந்தோம். கட்ச்சிலும் மேற்கு ராஜஸ்தானிலும் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. அதனால் குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் கேன் தனி.

ஒத்திகைக்கு ராமேஸ்வரம் போனோம். தனுஷ்கோடியில் மணல், வெயில், உப்புக்காற்று எல்லாம் கிடைக்கும். போகிற வழியில் ஒரு வளைவில் பாதி நிரம்பிய தொட்டி அலைமோதி, அதைக் கட்டியிருந்த பட்டை அறுந்தது. தொட்டியைப் பொருத்திய பட்டறையில் உள்ளே தடுப்புத் தகடு வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அறுபது லிட்டர் என்றால் அறுபது கிலோ. அது ஒரே பக்கம் பாய்ந்தால் வண்டி என்ன ஆகும் என்பது வாய்க்காலில் வேலை பார்த்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். திரும்பி வந்ததும் வேறு இடத்தில் இரண்டு தகடு வைத்தோம்.

நவம்பரில் கிளம்ப இருந்ததை டிசம்பருக்குத் தள்ளினோம். மழை முடிந்த கையோடு போனால் கட்ச்சின் உப்புவெளியான ரண் பகுதியில் தண்ணீர் வடிந்திருக்காது, உப்பு இறுகியிருக்காது. ஏ.சி. இல்லாத வண்டிக்குக் குளிர்காலம்தான் சரி. வெள்ளை ரண்ணுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், அதற்கு அடையாள அட்டை நகல்களை வைத்துக்கொண்டோம். தார்ச்சாலையை விட்டு மணலில் இறங்குவதில்லை என்று முன்பே தீர்மானம், அதை ஒரு நாளும் மீறவில்லை.

வாளையாரைத் தாண்டி முப்பத்து நான்காம் நாள், வாய்க்கால் முடிகிற மோகன்கட் பக்கம் கரையில் நின்றோம். இருபுறமும் மணல், நடுவே நீர். என் மனைவி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நம்ம வாய்க்காலைவிட அகலமுங்களா?" என்று கேட்டாள். பழக்கத்தில் நோட்டை எடுத்துத் தேதி போட்டேன். அன்று வண்டித் தொட்டியில் 41 லிட்டர் மீதி இருந்தது.