வட்டத்தைப் பார், பிள்ளை

எங்கள் பள்ளிக்கூடத்தில் தையல் பாடத்துக்குப் புத்தகம் இருக்கவில்லை. மற்றப் பாடங்களுக்கெல்லாம் இருந்தது. தையல் ரீச்சர் வகுப்புக்கு வரும்போது அவர் கையில் ஒரு துணிப்பை மட்டும்தான் இருக்கும். அதற்குள் நூற்பந்துகள், கொக்கி ஊசிகள், ஒரு கத்தரிக்கோல், ஓர் அளவுநாடா. மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று எங்கள் பழைய மாணவர் சங்கத்திலிருந்து கேட்டபோது, விளையாட்டுப் போட்டியையும் பரிசளிப்பு விழாவையும் பற்றி எழுத எத்தனையோ பேர் இருப்பார்கள் என்று தோன்றியது. அந்தத் துணிப்பையைப் பற்றி யாரும் எழுதமாட்டார்கள். அதனால் நான் எழுதுகிறேன்.

ரீச்சர் எங்களுக்கு முழுமையாகக் கற்றுத்தந்த பொருள் ஒன்றே ஒன்று: கொக்கி ஊசியால் பின்னும் பெரே தொப்பி. தலையில் ஒரு பக்கம் சாய்த்துப் போடுகிற, தட்டையான வட்டத் தொப்பி. மேசைவிரிப்பு, கைப்பை, குழந்தைச் சப்பாத்து என்று மற்ற வகுப்புகளில் பலதும் பின்னியபோது, எங்களுக்கு மட்டும் ஏன் இந்தத் தொப்பி என்று கேட்டோம். பின்னலில் தெரியவேண்டியது எல்லாம் இதற்குள் இருக்கிறது என்றார். நடுவில் தொடங்குவது, விரிப்பது, விரிக்காமல் நேரே போவது, குறைப்பது, தலையை இறுக்காமல் பிடிக்கிற பட்டி பின்னுவது. இது வந்தால் எந்தத் தொப்பியும் வரும். அவர் சொன்னது உண்மை என்பதை எத்தனையோ தொப்பிகள் பின்னிய கையோடு சொல்கிறேன்.

முதல் பாடம் நூலைப் பிடிப்பது. இடது கையின் சின்னவிரலில் நூலை ஒரு சுற்றுச் சுற்றி, நடுவில் உள்ள இரண்டு விரல்களுக்கும் அடியால் கொண்டுவந்து, சுட்டுவிரலுக்கு மேலால் விடவேண்டும். சுட்டுவிரலைக் கொஞ்சம் தூக்கினால் நூல் இறுகும், தாழ்த்தினால் தளரும். கண்கள், அதாவது போடுகிற ஒவ்வொரு தையலும், ஒரே அளவில் விழுவது இந்த விரலால்தான். ஊசியைப் பென்சில் பிடிப்பதுபோலப் பிடிக்கலாம், கத்தி பிடிப்பதுபோலவும் பிடிக்கலாம். அதில் ரீச்சர் தலையிடமாட்டார். இடதுகைப் பிள்ளைகளைத் தனக்கு எதிரே இருத்தி, தன் கையைக் கண்ணாடியில் பார்ப்பதாக நினைத்துச் செய்யச் சொல்வார். இடதுகைக்காரரின் வட்டம் மறுபக்கமாகச் சுற்றும், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் காலத்தில் இடதுகையால் செய்யாதே என்று சொல்லாத பெரியவர்கள் எத்தனை பேர் இருந்தார்கள்?

தொடக்கத்துக்கு இரண்டு வழி உண்டு. நாலு சங்கிலித் தையல் போட்டு அதை வளையமாகச் சேர்ப்பது ஒன்று. நூலை விரலில் சுற்றி, அந்தச் சுற்றுக்குள்ளேயே தையல்களைப் போட்டு, பிறகு வால்நூலை இழுத்து நடுவை மூடுவது மற்றது. ரீச்சர் இரண்டாவதைத்தான் கட்டாயமாக்கினார். சங்கிலி வளையத்தில் உச்சியில் ஓர் ஓட்டை நிற்கும். விரலில் சுற்றியதில் நிற்காது. ஆனால் அந்த வால்நூலை ஊசியில் கோத்து, முன்னும் பின்னுமாக ஓட்டி மறைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் போடப் போட நடு தளர்ந்து திறந்துகொள்ளும்.

அப்புறம்தான் வட்டம். எங்களுக்கு எந்தக் குறிப்பும் எழுதித் தரப்படவில்லை. வேறெங்கோ எழுதியிருந்த குறிப்பைத் தாளில் கொண்டுவந்த பிள்ளையிடம் ரீச்சர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: “தாளைப் பாக்காதை. வட்டத்தைப் பார், பிள்ளை.”

பார்ப்பது என்றால் எப்படி? பின்னியதை மேசையில் வைத்து உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டுக் கையை எடுப்பார். மூன்றில் ஒன்று நடக்கும். வட்டம் படுத்தபடியே கிடந்தால் சரி, அடுத்த சுற்றுக்குப் போகலாம். விளிம்பு மேலெழுந்து கிண்ணம்போலக் குழிந்தால், அந்தச் சுற்றில் புதிதாகக் கண் கூட்டியது போதாது. விளிம்பு அலை அலையாக நெளிந்து, ஓரிடத்தை அமுக்க இன்னோர் இடம் எழும்பினால், கூட்டியது அதிகம். பிறகு சுட்டுவிரலை விளிம்புக்கு அடியில் விட்டு ஒரு சுற்று ஓட்டுவார். எந்த இடத்தில் விரல் தாராளமாக நுழைகிறதோ அந்த இடத்தில்தான் பிசகு. கண்ணை மூடிக்கொண்டுகூட அதை அவரால் கண்டுபிடிக்க முடிந்தது.

அதே வருடம் கணித வகுப்பில் வட்டத்தின் சுற்றளவு நடந்துகொண்டிருந்தது. ஆரையை இரண்டு பையால் (2π) பெருக்க வேண்டும் என்று மனப்பாடம் செய்திருந்தோம். அது எதற்கு உதவும் என்பது தையல் வகுப்பில்தான் விளங்கியது. ஒவ்வொரு சுற்றிலும் ஆரை ஒரு தையலின் உயரம் அளவுக்குக் கூடுகிறது. ஆகவே சுற்றளவு அந்த உயரத்தின் ஆறேகால் மடங்குக்குச் சற்று அதிகமாகக் கூடவேண்டும். ஊசியில் நூலைச் சுற்றாமல் போடுகிற குட்டைத் தையலின் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்று. அதனால் சுற்றுக்கு 6 கண் கூட்டினால் வட்டம் படுக்கும். ஊசியில் நூலை ஒருமுறை சுற்றிக்கொண்டு போடுகிற உயரமான தையல் அகலத்தைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு உயரம். அதற்குச் சுற்றுக்கு 12. முதல் சுற்று 12, இரண்டாவது 24, மூன்றாவது 36, நாலாவது 48. வட்டம் எவ்வளவு பெரிதானாலும் கூட்டும் எண்ணிக்கை மாறுவதில்லை. இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு, மூன்றாம் சுற்றில் ஒன்று விட்டு ஒன்றில் இரண்டு, நாலாம் சுற்றில் இரண்டு விட்டு ஒன்றில் இரண்டு என்று இடைவெளி மட்டும் கூடிக்கொண்டு போகும். ரீச்சர் கணிதம் படித்தவர் அல்ல. ஆனால் கணிதத்தின் பையை எனக்குப் புரியவைத்தவர் அவர்தான்.

இறுக்கமாகப் பின்னுகிற கைக்கு 12 சிலவேளை போதாது. 13, 14 தேவைப்படும். தளர்த்திப் பின்னுகிற கைக்கு அதுவே கூடிப்போகும். தாள் இதைச் சொல்லாது, மேசையில் கிடக்கிற வட்டம் சொல்லும்.

இன்னொன்று. கூட்டுகிற கண்களை ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றின்மேல் ஒன்றாகவே போட்டுக்கொண்டு போனால் வட்டத்துக்கு மூலை வந்துவிடும். குட்டைத் தையலில் இது அறுகோணமாகவே தெரியும். ஒரு சுற்றில் கூட்டலை முதலில் போட்டால், அடுத்த சுற்றில் பாதி இடைவெளி தள்ளிப் போடவேண்டும். சின்ன விஷயம்தான், ஆனால் தொப்பியின் அழகு பாதி இதில் இருக்கிறது.

இப்போது வெவ்வேறு நாடுகளில் இருக்கும் நம்மவர்களுக்காக ஒரு குறிப்பு. நாங்கள் படித்தது பிரித்தானிய முறை. அதில் குட்டைத் தையல் ‘டபுள்’, உயரமானது ‘ட்ரெபிள்’. அமெரிக்க முறையில் குட்டைத் தையல் ‘சிங்கிள்’, உயரமானது ‘டபுள்’. பிள்ளைகள் கைபேசியில் காட்டும் குறிப்பை அப்படியே பின்தொடர முன்னர் அது எந்த முறை என்று பாருங்கள். பாராவிட்டால் தொப்பியின் அளவே மாறிப்போகும்.

எவ்வளவு பெரிதாக விரிப்பது என்பதற்கு ரீச்சரிடம் வளர்ந்தவர் தலைக்கு ஒரு கணக்கு இருந்தது: வட்டத்தின் விட்டம் 25 முதல் 28 செ.மீ. அதற்கு முன்பே ஒரு சின்னச் சதுரம் பின்னி, 10 செ.மீ. அகலத்துக்குள் எத்தனை கண் வருகிறது என்று எண்ணிவைக்க வேண்டும். நடுத்தர மெல்லிய நூலும் 4 மி.மீ. ஊசியும் என்றால் உயரமான தையலில் என் கைக்கு 16 கண் வரும். 12 சுற்றில் 144 கண்ணுக்கு வந்தால் வட்டம் ஏறக்குறைய 28 செ.மீ. அதன்பின் கூட்டாமலும் குறைக்காமலும் ஒரு சுற்று. அங்கேதான் தொப்பி மடங்கும். பிறகு குறைத்தல்: நாலு கண் பின்னி அடுத்த இரண்டை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு சுற்றினால் 144 கண் 120 ஆகும். அடுத்த சுற்றில் மூன்று பின்னி இரண்டைச் சேர்த்தால் 96. அதற்கடுத்ததில் மறுபடி நாலு பின்னி இரண்டைச் சேர்த்தால் 80. 80 கண் என்றால் 50 செ.மீ. தலைச் சுற்றளவு 54, 55 செ.மீ. உள்ளவருக்கு இது அளவானது. பட்டி தலையைவிடச் சற்றுக் குறைவாக இருந்தால்தான் நழுவாமல் நிற்கும். பட்டியை ஒரு அளவு சின்ன ஊசியால், கீழ்ச்சுற்றுத் தையலின் தண்டை ஒருமுறை முன்பக்கத்தாலும் ஒருமுறை பின்பக்கத்தாலும் பிடித்துப் பின்னினால் அது இழுபட்டு மீளும்.

கொக்கிப் பின்னலில் எனக்கு மிகப் பிடித்தது அதன் பயமின்மை. இரண்டு ஊசிப் பின்னலில் ஒரு வரிசைக் கண்கள் முழுவதும் ஊசியில் திறந்தபடி இருக்கும். ஒன்று நழுவினால் கீழே வரைக்கும் ஓடும். இங்கே ஊசியில் இருப்பது ஒரே ஒரு கண். கைதவறினால் அந்த ஒன்றுதான் போகும். வேண்டாத சுற்றை இழுத்தால் சுருள் சுருளாக நூல் திரும்பிக் கைக்கு வந்துவிடும், ஒரு துண்டும் வீணாகாது. ரீச்சர் அவிழ்ப்பதைத் தண்டனையாக ஒருபோதும் சொல்லமாட்டார். அலை நெளிகிற சுற்றை அவரே பக்கத்தில் இருந்து இழுத்துத் தருவார், நாங்கள் பந்தாகச் சுற்றுவோம். அப்படிச் சுற்றும்போதுதான் கதை சொல்வார்.

பெரே தொப்பி பிரான்சின் தென்மேற்கே, பிரினீஸ் மலையடிவாரத்து ஆட்டிடையர்களின் தொப்பி என்பதை அப்படித்தான் கேட்டறிந்தேன். அவர்களுடையது கம்பளி நூலில் தேவைக்கு மேல் பெரிதாகப் பின்னி, நனைத்து அடித்துச் சுருக்கிக் கெட்டியாக்கியது. அதனால் மழை இலகுவில் இறங்காது. அதன் உச்சியில் ஒரு சின்ன வால் நிற்கும். பின்னி முடிகிற நூலின் நுனி அது. 19ஆம் நூற்றாண்டிலேயே அதற்கு ஆலைகள் வந்துவிட்டன. ஆனால் கொக்கி ஊசியால் பின்னுவதை இன்றும் இயந்திரம் செய்வதில்லை. கடையில் தொங்குகிற எந்தக் கொக்கிப் பின்னல் தொப்பியையும் யாரோ ஒருவர் இருந்து கண் கண்ணாக எண்ணித்தான் பின்னியிருக்கிறார். அயர்லாந்தில் 1840களின் பெரும் பஞ்சத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு இந்த ஊசியால் பின்னிய சரிகை வேலைதான் வருமானம் தந்தது. எந்தக் கடையிலும் ஒரு கொக்கிப் பின்னல் பொருளை எடுத்துப் பார்க்கும்போது, அதைப் பின்னிய கைக்கு என்ன கிடைத்திருக்கும் என்று யோசிக்காமல் என்னால் வைக்க முடிவதில்லை.

வெளிநாடு வந்த பிறகு என் பின்னலில் பெரும்பாலானவை பரிசாகவே போயின. அவற்றில் ஒன்றைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்தாள். முடி உதிர்ந்துவிட்டது. தொலைபேசியில், தொப்பி பின்னித் தரட்டுமா என்று கேட்டேன். “அந்தப் பெரே எண்டால் வேணும்” என்றாள். முடியில்லாத தலைக்குப் பின்னுவது தனிக் கவனம். கம்பளி அரிக்கும், மென்மையான பருத்தி நூல் வேண்டும். உயரமான தையலின் இடைவெளியால் தலை தெரியும் என்பதால் குட்டைத் தையல், சுற்றுக்கு 6. சுற்றை மூடித் தொடங்கும் இடத்தில் ஒரு தடிப்பு வரும், அது தோலை உறுத்தும். ஆகவே மூடாமல் சுருளாகவே பின்னிக்கொண்டு போய், சுற்றின் தொடக்கத்தை வேறு நிற நூல்துண்டால் அடையாளம் வைத்தேன். முடி இல்லாதபோது சுற்றளவும் குறைந்துவிடும். பழைய அளவை நம்பாமல் புதிதாக அளந்து அனுப்பச் சொன்னேன். பருத்தி கம்பளிபோல மீளாது என்பதால் பட்டியில்தான் என் முழுக் கவனமும் போனது. இறுக்கினால் தலையிடி, தளர்த்தினால் நழுவும். இவ்வளவையும் எந்தத் தாளும் சொல்லவில்லை. வட்டத்தை மேசையில் வைத்துத் தடவிப் பார்த்துப் பார்த்துத்தான் பின்னினேன். அவள் இப்போது நலமாக இருக்கிறாள், முடியும் வளர்ந்துவிட்டது. தொப்பியைத் திருப்பித் தரமாட்டேன் என்கிறாள்.

பின்னி முடித்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். பெரேக்கு அதன்பிறகு ஒரு முக்கியமான வேலை இருக்கிறது. குளிர்ந்த நீரில் நனைத்து, முறுக்காமல் துவாயில் வைத்து அமுக்கி ஈரத்தை எடுத்து, 28 செ.மீ. அளவுள்ள ஒரு சாப்பாட்டுத் தட்டை உள்ளே விட்டு, பட்டி இழுபடாமல் தட்டின் அடியில் கூடியிருக்கும்படி வைத்துக் காயவிடுங்கள். கம்பளி என்றால் காய்ந்த பிறகு அந்த உருவத்திலேயே நிற்கும். மடிப்பும் கூர்மையாக விழும். அக்ரிலிக் நூல் என்றால் நீராவியைத் தூரத்தில் பிடியுங்கள். சூடான இஸ்திரிப்பெட்டியை அதன்மேல் வைத்தால் நூல் சோர்ந்து தொங்கிவிடும், பிறகு எதுவும் செய்யமுடியாது.

சங்கத்தின் அடுத்த ஒன்றுகூடலுக்கு நான் ஊசிகளோடு வருவேன். பின்னப் பழக விரும்புகிறவர்கள் 100 கிராம் நூற்பந்து ஒன்று கொண்டுவாருங்கள். ஒரு பெரேக்கு அது போதும். இளம் நிறமாக, வழுவழுப்பாக இருக்கட்டும். கறுப்பிலும் கருநீலத்திலும் கண்கள் தெரியாது, மயிர் எழும்பிய நூலில் அவிழ்க்கவும் வராது. அண்ணன்மார், தம்பிமாரும் வரலாம்; பிரினீஸ் மலையில் இந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஆடு மேய்த்தவர்கள் ஆண்கள்தானே. குறிப்புத் தாள் எதுவும் தரமாட்டேன். ஒரு மேசை மட்டும் வேண்டும்.